குளிரில் பைக் ஓட்ட எந்த ஹேண்ட் கார்டு வாங்கலாம்?

கேள்வி இதுதான். கோவையைச் சேர்ந்த ஒருவர் செப்டம்பர் கடைசியில் தன் ஹிமாலயன் 411 பைக்கில் மணாலியிலிருந்து லேவுக்குப் போகப்போகிறார். சென்ற ஜனவரியில் விடியற்காலையில் ஊட்டிக்கு ஏறியபோதே விரல்கள் மரத்துப்போய் கிளட்ச் பிடிக்கத் தடுமாறியிருக்கிறார். கடைக்காரர் அலுமினியப் பட்டை வைத்த ஹேண்ட் கார்டை (ஹேண்டில்பாரில் கைக்கு முன்னால் மாட்டும் கவசம்) காட்டி, இதுதான் உறுதியானது என்கிறார். நண்பரோ, டெல்லிக் குளிரில் ஸ்கூட்டர்காரர்கள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்கிற துணி உறையே போதும் என்கிறார். விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகிறது. எதை வாங்குவது? திரும்பி வந்ததும் அதைக் கழற்ற வேண்டுமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயணத்துக்கு, இரு முனையிலும் பிடிப்புள்ள அலுமினியப் பட்டையும் அதன் மேல் அகலமான பிளாஸ்டிக் கவசமும் கொண்ட கார்டு சரியாக இருக்கும். ஆனால் கடையில் உங்கள் கண் போக வேண்டியது அந்தப் பிளாஸ்டிக்கின் பரப்பின் மேல். வண்டி சாய்ந்து விழும்போது லீவர் முறியாமல் காப்பது பட்டையின் வேலை. ஓடும்போது கையைக் குளிரிலிருந்து காப்பது பிளாஸ்டிக்கின் வேலை. கடைக்காரர் 'உறுதி' என்று சொல்வது முதல் வேலையைப் பற்றி. நீங்கள் கேட்டது இரண்டாவதைப் பற்றி. முரட்டுப் பட்டையின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக்கூட இல்லாத பிளாஸ்டிக்கை ஒட்டவைத்து விற்கிற கார்டுகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. புழுதிப் பந்தயத்தில் மரக்கிளை விரலில் அடிக்காமல் இருக்க அவை போதும். மணாலி–லே சாலையின் உயரமான பாரலாச்சா கணவாயில் அவை அலங்காரப் பொருள்தான்.

கை ஏன் குளிர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதை வாங்குவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். நம் தோலை ஒட்டி உடலின் சூட்டில் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. காற்று வீசினால் அந்தப் படலம் கலைந்துபோகும். உடல் மறுபடியும் புதிய காற்றைச் சூடாக்க வேண்டும். பைக்கில் போகும்போது இது ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக் குளிர்ச்சிச் சூத்திரத்தின்படி, 5 டிகிரி செல்சியஸில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரிபோல இருக்கும். 0 டிகிரியில் அதே வேகம் மைனஸ் 9 ஆகிவிடும். மைனஸ் 5 டிகிரியில் மைனஸ் 16. இந்தச் சூத்திரம் மனித முகத்தை வைத்துக் கணக்கிட்டது. கையுறை போட்ட கைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வேகம் எவ்வளவு சூட்டைத் திருடுகிறது என்பதற்கு நல்ல அளவுகோல்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும், உலர்ந்த விரலின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. 5 டிகிரியில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் விரல் உறைந்து போகாது. அந்த 5 டிகிரியை நோக்கி விரைவாகச் சரியும், அவ்வளவுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு வெகு முன்பே ஆபத்து வந்துவிடுகிறது. விரல் தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான அசைவுகள் தடுமாறத் தொடங்கும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரியாது. ஊட்டிச் சாலையில் உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஈரம் சேர்ந்தால் கதையே வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, ஈரம் ஆவியாகும்போது விரலை மேலும் குளிர்விக்கும். அப்போது காற்றின் வெப்பநிலைக்குக் கீழேயும் விரல் போகலாம். லடாக்கின் காற்று மிகவும் வறண்டது என்பதால் ஆவியாதல் அங்கே வேகமாக நடக்கும். மணாலி–லே சாலையில் பனி உருகி ஓடிவரும் ஓடைகள் பல இடங்களில் சாலையையே கடக்கின்றன. பிற்பகலில் அவற்றில் தண்ணீர் கூடும். முன்சக்கரம் வாரி இறைக்கும் அந்தத் தண்ணீர் நேராகக் கையுறைக்குத்தான் வரும். அகலமான கார்டு காற்றைத் தடுப்பதோடு இந்தத் தெறிப்பையும் பெருமளவு தடுக்கும். என்னைக் கேட்டால், லடாக் போகிறவருக்கு ஹேண்ட் கார்டின் பாதிப் பயன் இதுதான்.

நீங்கள் சந்திக்கப்போகும் குளிர் எவ்வளவு? உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறும்போது 12 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. மணாலி சுமார் 2,050 மீட்டரில் இருக்கிறது. பாரலாச்சா கணவாய் 4,890 மீட்டர். 18 டிகிரி வித்தியாசம். மணாலியில் காலை 12 டிகிரியாக இருந்தால் கணவாய் உச்சியில் மைனஸ் 6 என்று எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகு வரும் தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேலே. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தபிறகு ரோத்தாங் கணவாய் ஏற்றம் கட்டாயமில்லை என்பதால், சுரங்கத்தின் மறுமுனையில் லாகுல் பள்ளத்தாக்கின் குளிர்ந்த காற்றுக்குள் உடம்பு பழகும் முன்பே போய் விழுகிறீர்கள். செப்டம்பர் கடைசி என்பதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018இல் அதே மாதத்தின் பிற்பகுதியில் லாகுல்–ஸ்பிதி பகுதியில் திடீரென்று பெய்த கடும் பனியில் ஏராளமானோர் சிக்கிக்கொண்டு, விமானப் படை ஹெலிகாப்டர்களில் மீட்கப்பட்டார்கள்.

இனி வகைகள். முதல் வகை, ஒரே இடத்தில் மட்டும் பிடிக்கும் திறந்த கார்டு. ஹேண்டில்பாரிலோ லீவர் அடிப்பாகத்திலோ ஒரு கிளாம்ப். அதிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக். இலேசானது, மலிவானது, மாட்டச் சில நிமிடங்கள் போதும். குளிருக்கு மட்டும் வேண்டுமென்றால், பிளாஸ்டிக் அகலமாக இருக்கும்பட்சத்தில் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நீலகிரிக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு இதையே வாங்கச் சொல்வேன். வண்டி விழுந்தால் இது சுழன்று லீவரின் மேலேயே இடிக்கும் என்பதுதான் சிக்கல். அதோடு மிக மலிவானவை கண்ணாடி மாட்டும் திருகுத் துளையில் பொருத்தும்படி வருகின்றன. காற்று அழுத்தத்தில் கார்டு நகரும். கூடவே கண்ணாடியும் திரும்பிக்கொள்ளும். பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்கப் போனால் உங்கள் முழங்கை தெரியும்.

இரண்டாவது, இரு முனையிலும் பிடிக்கும் வகை. ஒரு முனை ஹேண்டில்பாரின் உட்பகுதியில் கிளாம்ப்பாகவும் மறுமுனை ஹேண்டில்பாரின் நுனியிலும் இணைந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் பார்க்பஸ்டர்ஸ், இத்தாலியின் அசெர்பிஸ் போன்றவை இதில் பெயர்பெற்றவை. லடாக்கில் வண்டி நின்ற இடத்திலேயே சாய்வது சர்வசாதாரணம்: ஓடையில், சேற்றில், கூழாங்கல் பரப்பில். கிளட்ச் லீவர் அடியோடு முறிந்தால் வழியில் வரும் பாங், சர்ச்சு போன்ற சிறு முகாம்களில் அதற்கு மாற்று தேடி அலைய வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு இந்த வகையைச் சொல்கிறேன்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் பட்டை ஒன்று, பிளாஸ்டிக் பல அளவுகளில் என்று தனித்தனியாகக் கிடைக்கும். சிறியது, நடுத்தரம், பெரியது. பெரியதன் மேல் திருகி மாட்டுகிற கூடுதல் தகடு. பட்டையோடு பெரிய பிளாஸ்டிக்கையும் கூடுதல் தகட்டையும் சேர்த்துக் கேளுங்கள். கடையில் இருப்பில் இருப்பது பெரும்பாலும் சிறியதுதான். பார்க்க எடுப்பாக இருப்பதால் அதுதான் விற்கிறது.

மூன்றாவது உங்கள் நண்பர் சொல்லும் உறை. இதைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. குளிரைத் தடுப்பதில் இதற்கு ஈடாக மற்ற இரண்டும் நிற்கவே முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. மிலானிலும் பாரிஸிலும் குளிர்காலத்தில் ஸ்கூட்டர்களின் ஹேண்டில்பாரில் இதுதான் தொங்கும். சீனாவிலும் கொரியாவிலும் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இதை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். கை, கிரிப், லீவர் எல்லாம் ஒரே பைக்குள் இருப்பதால் காற்றே படாது. மெல்லிய கையுறையே போதும் என்பதால் சுவிட்சுகளும் எளிதில் கைக்கு அகப்படும். மழையிலும் கை நனையாது.

அப்படியானால் ஏன் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை? இரண்டு காரணங்கள். மென்மையான துணி உறை வேகத்தில் காற்றழுத்தம் பட்டு உள்நோக்கி மடங்கி, லீவரை இலேசாக அழுத்தும். பின்னாலுள்ள பிரேக் விளக்கு அணையாமல் எரியும். பிரேக் பேட் தேய்ந்துகொண்டே வரும். இறக்கத்தில் பிரேக் சூடேறும். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. உள்ளே கம்பியோ கெட்டியான நுரையோ வைத்து விறைப்பாகத் தைத்த உறையில், அல்லது ஏற்கெனவே மாட்டிய கார்டின் மேல் போர்த்துகிற உறையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இரண்டாவது காரணம் பாதை. ஓடையில் தடுமாறும்போது கையைச் சட்டென்று வெளியே எடுத்து, எழுந்து நின்று, மறுபடியும் பிடிக்க வேண்டும். உறைக்குள் கையை நுழைக்க ஒரு நொடி தேட வேண்டியிருக்கும். அந்த நொடி அங்கே கிடைக்காது. நகரச் சாலைக்கும் தார்ச்சாலைக்கும் உறை. கல்லும் தண்ணீருமான பாதைக்குக் கார்டு. மணிக்கட்டில் நாடா வைத்து இறுக்கிக் கட்டும் உறையை மட்டும் எந்தப் பாதைக்கும் வாங்காதீர்கள். விழுந்தால் கை வெளியே வர வேண்டும்.

அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியின் முன்னால் சில அடி தள்ளி, உங்கள் கைக்கு நேரே குனிந்து பாருங்கள். நண்பர் ஒருவர் குளிர்காலக் கையுறையோடு கிரிப்பைப் பிடித்து, இரண்டு விரலை லீவர் மேல் வைத்திருக்கட்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது விரல் கணுக்கள் முழுவதும் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். மேலே இரண்டு விரல் அளவாவது கார்டு உயர்ந்திருந்தால் நல்லது. சுண்டுவிரல் பக்கம் பலரும் பார்ப்பதில்லை. கார்டின் வெளி ஓரம் அங்கே வளைந்து மூட வேண்டும். கட்டைவிரல் இன்னொரு பலவீனம். டாங்க்கின் ஓரமாக வரும் காற்று கீழிருந்து அதன்மேல் அடிக்கும். கீழ் ஓரம் கிரிப்பின் மட்டத்துக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கியிருக்கும் கார்டுதான் இதைத் தடுக்கும்.

நின்ற வண்டியில் பார்த்தது ஓடும்போது பொய்யாகலாம். விண்ட்ஷீல்டும் டாங்க்கும் காற்றை எங்கெங்கோ திருப்பிவிடும். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. விரல் நீளத்துக்குக் கம்பளி நூலை வெட்டி, கையுறையின் ஒவ்வொரு கணுவிலும், கட்டைவிரலிலும், மணிக்கட்டிலும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். நூலைப் பார்க்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் செல்பேசியில் படம் பிடிக்கட்டும். நூல் தளர்ந்து தொங்குகிற இடம் காற்றிலிருந்து தப்பிய இடம். நீண்டு பறக்கிற இடத்தில் காற்று நேராக அடிக்கிறது. சுழன்று சுழன்று துடிக்கிற இடம் கார்டின் ஓரத்தில் உடைந்த காற்று விழுகிற இடம். அங்கே கார்டை ஒரு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ திருப்பினாலே போதும். கூடுதல் தகடு வேண்டுமா என்று தீர்மானிக்க, கெட்டியான அட்டையை வெட்டி, ஒட்டுநாடாவால் கார்டின் மேல் ஒட்டி, அதே சோதனையைச் செய்யலாம்.

பொருத்துவதற்கு வருகிறேன். கார்டு தொடர்பாக என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை பொருத்தியதில் நேர்ந்த பிழைகள்தான். முதலில் ஹேண்டில்பாரின் தடிமன். சாதாரணக் குழாய் 22 மில்லிமீட்டர். நடுப்பகுதி தடித்து ஓரத்தில் சிறுத்து வரும் வகையில் நடுப்பகுதி 28.6 மில்லிமீட்டர். உள்கிளாம்ப் எந்த இடத்தில் உட்காருமோ அந்த இடத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்து வாங்குங்கள். தகட்டை இடையில் சொருகிச் சமாளிக்கலாம் என்று சொல்கிற கடையிலிருந்து நகர்ந்துவிடுங்கள். அடுத்து நுனி. சில ஹேண்டில்பார்களின் நுனியில் திருகு மரை இருக்கும். சிலவற்றில் வெற்றுக் குழாய்தான். வெற்றுக் குழாய்க்கு, உள்ளே நுழைத்து இறுக்கினால் விரிந்து பிடிக்கிற ஆப்பு வேண்டும். நுனியிலிருக்கும் கனமான எடைக் குண்டு அதிர்வைக் குறைப்பதற்காக வைத்தது. கார்டு மாட்ட அதைக் கழற்றினால் கிரிப்பில் அதிர்வு கூடலாம். நல்ல கார்டுகள் அதற்கு ஈடாக எடையோடு வரும். தொடர் அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரலில் ரத்த ஓட்டம் இன்னும் மோசமாகும்.

வலப்பக்கம்தான் உயிர் போகிற இடம். ஆக்சிலரேட்டர் குழாய் ஹேண்டில்பாரின் மேல் தடையில்லாமல் சுழல வேண்டும். கார்டின் வெளிமுனையை மிக நெருக்கமாக இறுக்கினால் அது கிரிப்பின் நுனியோடு உரசி, முறுக்கிய ஆக்சிலரேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். மாட்டி முடித்ததும் எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரை இடது கடைசிக்குத் திருப்பி ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கி விட்டுவிடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். நேராக வைத்து ஒரு முறை, வலது கடைசியில் ஒரு முறை. மூன்றிலும் திரும்பினால்தான் வண்டியைக் கிளப்பலாம். கிரிப்பின் நுனி ரப்பர் மூடியதாக இருந்தால் அதைத் திருத்தமாக வட்டமாக வெட்டியெடுக்க வேண்டும். பிசிறு விட்டால் அதுவே பட்டையில் மாட்டிக்கொள்ளும்.

அதே பக்கத்தில் முன்பிரேக்கின் எண்ணெய்க் குழாய் இணையும் இடத்தில் உள்கிளாம்ப் முட்டிக்கொள்வதும் உண்டு. குழாயை மடக்கித் திணித்துக் கிளாம்ப்பை உட்கார வைக்கிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். குழாய் தன் இயல்பான வளைவிலேயே போக வேண்டும். கிளாம்ப்பைத்தான் நகர்த்த வேண்டும். கடைசியாக, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கார்டு டாங்க்கிலோ விண்ட்ஷீல்டிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். கனத்த கையுறையோடு விரலை லீவருக்கு முன்னால் நீட்டும்போது கார்டின் உட்புறத்தில் தட்டினால் அந்தக் கார்டு உங்களுக்குச் சிறியது. கோடைக்காலக் கையுறையோடு பார்த்துவிட்டு வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போல்ட்டுகளுக்குக் கழற்றக்கூடிய வகை நீலநிறத் திருகுப் பசை ஒரு துளி போடுங்கள். ஆனாலும் தினமும் காலையில் கையால் ஆட்டிப் பாருங்கள். அந்தச் சாலை எதையும் கழற்றிவிடும். பொருந்துகிற ஆலன் கீ ஒன்று டாங்க் பையில் இருக்கட்டும்.

விலை வித்தியாசத்துக்குப் பொருள் இருக்கிறதா? ஓரளவுக்கு இருக்கிறது. பிளாஸ்டிக்கில் பாலிப்ரொப்பிலீனின் மலிவான வகை 0 டிகிரிக்கு அருகிலேயே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கோவை வெயிலில் வளைத்துப் பார்க்கும்போது ரப்பர்போல வளைந்தது, பாரலாச்சாவில் ஒரு கல் பட்டால் விரியும். நல்ல நிறுவனங்கள் குளிரைத் தாங்கும் கலவையையோ நைலானையோ பயன்படுத்துகின்றன. கிளாம்ப்பில்தான் பெரிய வேறுபாடு. மலிவானவற்றில் துத்தநாகக் கலவையை வார்த்தெடுத்த கிளாம்ப் வரும். முதல் விழுதலில் வளையாமல் இரண்டாக முறியும். பட்டை ஒரே துண்டாக, துளைகள் குறைவாக, தடிமனாக இருக்கிறதா பாருங்கள். போலிகளில் ஆலன் போல்ட்டின் தலை மென்மையான இரும்பாக இருக்கும். இரண்டு முறை இறுக்கினால் மழுங்கிவிடும். நம் நாட்டிலேயே நல்ல கிளாம்ப்போடு நடுத்தர விலையில் செய்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெயருக்காகவே பணம் கொடுக்க வேண்டியதில்லை. கார்டில் பதித்த எல்.இ.டி. விளக்குக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். ஒரு வலுவான விழுதலில் வளைந்த பட்டையைச் சுத்தியால் நிமிர்த்தி மறுபடி மாட்டுவதும் வேண்டாம். அலுமினியம் ஒருமுறை வளைந்தால் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும்.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது: கார்டு சூட்டை உண்டாக்காது. இருக்கிற சூடு போகாமல் தடுக்கும், அவ்வளவே. சூடு இரண்டு வழிகளில்தான் வரும். ஒன்று உங்கள் ரத்தம், மற்றது மின்சாரம்.

மின்சாரத்தை முதலில் பார்ப்போம். சூடாகும் கிரிப் உள்ளங்கையை மட்டுமே சூடாக்கும். காற்று அடிப்பது புறங்கையில். கார்டு இல்லாமல் இதை மாட்டுவது சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பெரிப்பதற்குச் சமம். கார்டோடு சேர்ந்தால் கை இருக்கும் இடமே கொஞ்சம் வெதுவெதுப்பாகும். ஒரு ஜோடி பொதுவாக 30 முதல் 50 வாட் வரை எடுக்கும். 36 வாட் என்றால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். ஏற்கெனவே கூடுதல் விளக்கு, செல்பேசி சார்ஜர் எல்லாம் மாட்டியிருந்தால் கணக்குப் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மின் உற்பத்தி குறையும் என்பதால், நெரிசலில் நிற்கும்போது பேட்டரி இறங்கும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும்படி, ரிலே என்னும் மின் சுவிட்ச் வைத்து, தனி ஃப்யூஸோடு இணைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கக் கிரிப்பின் ஒயர் கிரிப்போடு சேர்ந்து சுழலும் என்பதால் அதற்குத் தளர்வு வேண்டும். பேட்டரி வைத்த சூடாகும் கையுறைகளும் கிடைக்கின்றன. ஆனால் லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ரத்தத்தின் கதை இன்னும் முக்கியம். உடல் குளிர்ந்தால், மூளை முதலில் கைவிடுவது விரல்களைத்தான். நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கையிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். மார்பில் காற்றுப் புகுகிற ஜாக்கெட்டோடு உலகிலேயே விலையுயர்ந்த கார்டை மாட்டினாலும் விரல் மரத்துத்தான் போகும். கழுத்துத் துணி, உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத மேலாடை: இவை மூன்றும் கைக்குச் செய்கிற செலவு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காடு அளவுதான்; ஆக்சிஜன் குறைவும் உடலில் தண்ணீர் குறைவதும் விரல் முனைகளுக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். புகைபிடிக்கிறவர் என்றால், நிகோட்டினும் அதே குழாய்களைச் சுருக்குகிறது என்பதை அறிந்திருங்கள். சாதாரணக் குளிரிலேயே விரல்கள் வெள்ளையாகி மரத்துப்போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கார்டு வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு சிக்கலாக இருக்கலாம்.

கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கம் ரத்தத்தைத் தடுக்கும், உள்ளே காற்றுப் படலத்துக்கும் இடமிருக்காது. மெல்லிய கம்பளி உள்ளுறை, அதன் மேல் தண்ணீர் புகாத கையுறை, இரண்டாவது ஜோடி உள்ளுறை உலர்ந்த நிலையில் பையில், இது போதும். மழையிலோ ஓடையிலோ நனைய நேர்ந்தால், பாத்திரம் கழுவும் பெரிய ரப்பர் கையுறையைக் கையுறைக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். பார்க்க அசிங்கம்தான். ஆனால் லடாக் பக்கம் அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். முகாமில் பாதிப்பேர் அதைத்தான் போட்டிருப்பார்கள். இன்னொரு சின்ன வேலை: லீவர் உலோகம் என்பதால் அதன்மேல் சாய்ந்திருக்கும் இரண்டு விரலின் சூட்டையும் உறிஞ்சிவிடும். லீவருக்கு ரப்பர் உறை போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கழற்ற முடியாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். நழுவுகிற உறை இல்லாமலிருப்பதே மேல்.

ஆக, பணம் அளவாக இருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் மேலாடையும் கையுறையும், அடுத்து பெரிய பிளாஸ்டிக்கோடு இரு முனைக் கார்டு, மிச்சமிருந்தால் சூடாகும் கிரிப். மணாலியில் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே மாட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக அதிகாலையில் ஊட்டிக்கு ஏறிப் பாருங்கள். ஆகஸ்டில் அங்கே உறைபனி இருக்காது. ஆனால் மழையும் காற்றும் தாராளமாக இருக்கும். நனைந்த கையோடு கார்டு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரும் போல்ட்டுகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதும் தெரியும். லடாக்கில் காலை வெயில் ஏறும்வரை புறப்படாமல் இருப்பதும் கைக்கு நல்லது. விடியற்காலையில் ஓடைகளின் ஓரம் தண்ணீர் கண்ணாடிபோல உறைந்திருக்கும். அங்கே எந்தக் கார்டும் உதவாது.

திரும்பி வந்ததும் கார்டைக் கழற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டையை விட்டுவிடுங்கள், நகரத்தில் வண்டி சாய்ந்தாலும் லீவரைக் காக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெரிய பிளாஸ்டிக் கைக்குக் காற்றே வரவிடாது, வியர்த்துக் கொட்டும். பிளாஸ்டிக்கை மட்டும் கழற்றி, அதன் திருகுகளை ஒரு சிறு உறையில் போட்டு அதன் உட்புறத்திலேயே ஒட்டி வையுங்கள். டிசம்பரில் தேடும்போது முதலில் காணாமல் போவது அந்தத் திருகுகள்தான்.